முடக்குவாதக்காரர் மூட்டு மாற்றும்போது

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் வாதநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது "மூட்டு டாக்டர்" என்றார். பாதி சரி. மூட்டை மாற்றுகிறவர் எலும்பு மருத்துவர். நான் கத்தியைத் தொடுவதில்லை, மாத்திரை எழுதுகிறவன். அப்படியிருக்க, அறுவையைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். முடக்குவாதம் உள்ளவர் மூட்டு மாற்றிக்கொள்ளும்போது வருகிற சிக்கல்களில் பலவற்றுக்கு அறுவை அரங்கில் காரணம் தேடிப் பயனில்லை. அவை அதற்கு முன்பே என் மேஜையில், மருந்துக் கடையில், நோயாளி கொண்டுவரும் பைக்குள் தொடங்கிவிடுகின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன்.

நம் ஊரில் முழங்கால் மாற்றிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். வயது ஏறுகிறது, எடை ஏறுகிறது, குருத்தெலும்பு தேய்கிறது. அந்த மூட்டை மாற்றிவிட்டால் அந்த மூட்டின் கதை அநேகமாக முடிந்தது. முடக்குவாதம் அப்படியல்ல. நாட்டு வைத்தியர்கள் சரவாங்கி என்பார்கள், ஆய்வுக்கூடத்தில் ஆர்.ஏ. என்பார்கள். இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. உறை வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இந்த நோய் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற முப்பது, நாற்பது வயதில் தொடங்குவதும் உண்டு. விரல், மணிக்கட்டு, பாதம், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று பல இடங்களைப் பிடிக்கும். நுரையீரல், இதய ரத்தக்குழாய் வரைக்கும் கை நீளும்.

"எதிர்வீட்டு அம்மா முழங்கால் மாத்திக்கிட்டு ஒண்ணரை மாசத்துல மாடி ஏறுறாங்க, எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இத்தனை டெஸ்ட்டு?" என்று என் நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு முழங்காலில் நோய். இவருக்கு உடம்பெல்லாம் நோய், அதில் முழங்கால் ஒரு பகுதி. உள்ளே வைக்கிற உலோகம் ஒன்றுதான் என்றாலும், அதை ஏற்கிற உடம்பு வேறு.

எவ்வளவு வேறு என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் மூட்டு மாற்றிக்கொண்டவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இடுப்பு மூட்டு மாற்றிய தேய்மானக்காரர்களில் 1.21 சதவீதம் பேருக்குப் புதிய மூட்டு நழுவியிருந்தது. முடக்குவாதக்காரர்களில் அது 2.45 சதவீதம். முழங்கால் மாற்றியவர்களில் கிருமி புகுந்தது தேய்மானத்தில் 0.84 சதவீதம், முடக்குவாதத்தில் 1.26 சதவீதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2008-ல் வெளியிட்ட கணக்கு இதைவிடக் கடுமையானது. முடக்குவாதக்காரர்களின் மாற்று மூட்டுகளில் நூற்றுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவாகக் கிருமி புகுந்திருந்தது. தேய்மானக்காரர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒன்று மாகாணம் முழுவதுக்குமான கணக்கு, இன்னொன்று சிக்கலான நோயாளிகள் தேடி வருகிற பெரிய மருத்துவமனையின் கணக்கு, கவனித்த காலமும் கூடுதல். அதனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு யாரும் அறுவையை ரத்து செய்துவிட வேண்டாம். மேயோவின் கடுமையான கணக்கிலும் நூற்றில் தொண்ணூற்றாறு மூட்டுக்குக் கிருமி வரவில்லை. வலி தாங்காமல் ராத்திரி உட்கார்ந்தே தூங்கிய பெண்கள் அறுவைக்குப் பின் கால் நீட்டிப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும், எலும்பு கரையும், தசை சூம்பும். பிறகு செய்கிற அறுவை இன்னும் கடினமாகும். நான் பேச வந்தது அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி அல்ல. நாம் எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சாமல், எதற்கு அஞ்ச வேண்டாமோ அதற்கு அஞ்சுகிறோம் என்பதைச் சொல்ல வந்தேன்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ரைட்டிங்டன் என்று ஒரு மருத்துவமனை இருக்கிறது. 1933-ல் காசநோயாளிகளுக்காகத் திறந்தது. அங்கேதான் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு உருவம் கொடுத்தார். முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். ஏறக்குறைய முந்நூறு இடுப்புகளில் வைத்த பிறகு அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோவது தெரிந்தது. மனிதர் சோர்ந்துவிடவில்லை, 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார், அது நிலைத்தது. ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. தொடக்க காலத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் அறுவை செய்த இடத்தில் கிருமி வந்தது. சார்ன்லி அறுவை மேஜையைச் சுற்றி ஒரு கூடம் கட்டினார், வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தினார், மருத்துவர்களின் மூச்சுக்காற்றைக் குழாய் வழியாக வெளியேற்றுகிற உடையைப் போடவைத்தார். ஏழாக இருந்தது ஒன்றுக்கும் கீழே வந்தது. இன்று நல்ல மருத்துவமனைகளில் மூட்டு மாற்றுக்கென்று தனி அரங்கும் வடிகட்டிய காற்றும் இருக்கின்றன என்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஒரு கிருமிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? சதையில் சீழ் பிடித்தால் ரத்தம் வழியாக மருந்து போய்ச் சேரும். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன்மேல் படித்துறைக் கல்லில் பாசி பிடிப்பதுபோல ஒரு வழவழப்பான படலம் போட்டு உட்கார்ந்துவிடும். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் நுழையாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம். நாள் கடந்துவிட்டால் வைத்த மூட்டையே எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை இடைக்காலமாக வைத்து, பல வாரமோ மாதமோ கழித்துப் புதியது வைக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் நோயாளி படுகிற பாடும் குடும்பம் செய்கிற செலவும் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு வருகிறேன். முடக்குவாதத்துக்கு நாங்கள் முதலில் எழுதுகிற மருந்து அதுதான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினம் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லாமல் எந்த மேடையிலிருந்தும் நான் இறங்குவதில்லை. அது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து, புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்று கேள்விப்பட்டவுடன், அறுவை என்றதும் எல்லோரும் முதலில் அதைத்தான் நிறுத்துகிறார்கள். நோயாளி நிறுத்துகிறார், மகன் நிறுத்தச் சொல்கிறார், சில இடங்களில் மருத்துவர்களே நிறுத்தச் சொல்கிறார்கள். புண் ஆறாது, கிருமி வரும் என்ற பயம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்ததும் அதே ரைட்டிங்டன்தான். எலும்பு அறுவைக்கு வந்த 388 முடக்குவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 88 பேர் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். 72 பேர் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பு நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினார்கள். அந்த மருந்தே சாப்பிடாத 228 பேரையும் உடன் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் கிருமித்தொற்றோ அறுவைச் சிக்கலோ வந்தது எத்தனை பேருக்கு? நிறுத்தியவர்களில் 15 சதவீதம். மருந்தே சாப்பிடாதவர்களில் 10.5 சதவீதம். நிறுத்தாமல் தொடர்ந்தவர்களில் 2 சதவீதம். ஆறு வாரத்துக்குள் நோய் திரும்பவும் சீறியது நிறுத்தியவர்களில் 8 சதவீதம் பேருக்கு. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

2001-ல் வெளியான ஆய்வு அது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் என்னிடம் வருகிறவர்கள், "ஆபரேஷனுக்காக அந்த வாரமாத்திரைய ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திட்டேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கைவிரல்கள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கையால்தானே அறுவைக்குப் பின் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும்?

அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகமும் அங்குள்ள இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2017-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 2022-ல் அதைத் திருத்தின. மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலஸின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லெஃப்லூனமைடு ஆகிய பழைய மருந்துகளை அறுவைக்காக நிறுத்த வேண்டாம், வழக்கம்போல் தொடருங்கள் என்பதே அதன் சொல். விதிவிலக்கு உண்டு. சிறுநீரகம் சரியில்லாதவர், ஏற்கெனவே உடம்பில் கிருமித்தொற்று உள்ளவர் போன்றவர்களுக்கு மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் எடுக்க வேண்டியதல்ல.

அஞ்ச வேண்டாததைச் சொன்னேன். அஞ்ச வேண்டியது என்ன?

ஓர் அம்மா இடுப்பு மூட்டு அறுவைக்கு நாள் குறித்த பிறகு என்னிடம் வந்தார். மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். என் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரை, பாதி வெட்டிய அட்டைகள், கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் பேர் இல்லாத வெள்ளை மாத்திரைகள். "இது எதுக்கும்மா?" என்றேன். "அது சத்து மாத்திரைங்கய்யா, நம்ம ஊரு மெடிக்கல்ல குடுக்கிறது. அது ஒண்ணைப் போட்டாத்தான் காலையில எந்திரிக்கவே முடியுது" என்றார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன். தோல் சருகுத் தாளாக மெலிந்திருந்தது. அடியே படாத இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தக் கசிவு. முகம் உப்பியிருந்தது. அது சத்து மாத்திரை அல்ல, ஸ்டீராய்டு. எத்தனை ஆண்டாகச் சாப்பிடுகிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அறுவை மருத்துவருக்கு அதைச் சொல்லவும் இல்லை. கேட்டதற்கு, "அவரு மருந்தைப் பத்திதானே கேட்டாரு?" என்றார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த இளம்பெண் ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். 1950-ல் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதன் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. எலும்பு பொடிந்தது, சர்க்கரை ஏறியது, தோல் மெலிந்தது, புண் ஆற மறுத்தது, கிருமிகள் புகுந்தன. இன்றும் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு நாங்கள் கொடுக்கத்தான் செய்கிறோம். சிக்கல் அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் மூட்டு மாற்றிக்கொண்ட முடக்குவாதக்காரர்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், விலை உயர்ந்த உயிரியல் ஊசிகளில் எதைப் போட்டிருந்தாலும் தொற்று அபாயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டீராய்டு அளவுதான் வித்தியாசத்தைக் காட்டியது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பானது. முன்பு சொன்ன அமெரிக்க வழிகாட்டியும், அறுவைக்கு முன் நாளுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள் என்கிறது. என்னைக் கேட்டால் ஐந்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நாள் குறிப்பேன். அதற்கு மூன்று மாதம் ஆனாலும் காத்திருக்கச் சொல்வேன். மூட்டு மாற்று அவசர அறுவை அல்ல.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நெடுநாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்துவிடும். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்திவிட்டு அறுவை மேஜையில் படுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடக்கூடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அறுவை நாளில் அன்றாட அளவை விடாமல் கொடுக்க வேண்டும். மயக்க மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பேர் தெரியாத மாத்திரையைச் சாப்பிடுகிறவரின் ஆபத்து இங்கேதான். நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்தாலும் ஆபத்து. எவ்வளவு என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, வைத்தியம் பார்க்கிறவருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டு இல்லாமல் 'செட்' மாத்திரை கட்டிக் கொடுக்கிற கடைக்காரர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நீங்கள் ஒருவரின் இன்றைய வலியை எடுத்துவிட்டு நாளைய எலும்பை எடுத்துக்கொள்கிறீர்கள்.

உயிரியல் ஊசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனி ஆகிய இருவரும் டி.என்.எஃப். என்ற வேதிப்பொருளைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று காட்டினார்கள். அதிலிருந்து வந்த ஊசிகள் 1998 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. 2014 டிசம்பரில் அடாலிமுமாப் ஊசியின் உலகத்திலேயே முதல் நகல் மருந்து இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது, விலை இறங்கியது. முன்பு பணக்காரர்கள் மட்டும் போட்டுக்கொண்ட ஊசியை இன்று நடுத்தரக் குடும்பத்தாரும் போடுகிறார்கள். ஆகவே அறுவைக்கு வருகிறவர்களிலும் இவர்கள் கூடிவருகிறார்கள். இந்த ஊசிகளை அறுவையை ஒட்டி நிறுத்தத்தான் வேண்டும். கணக்கு எளிது: அடுத்த ஊசி எந்த வாரம் வருகிறதோ அதைப் போடாமல் விட்டு, அந்த வாரம் தாண்டியதும் அறுவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற அடாலிமுமாப் என்றால் மூன்றாவது வாரத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற ரிடுக்ஸிமாப் என்றால் ஏழாவது மாதத்தில். டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளை மூன்று நாள் முன்பு நிறுத்தினால் போதும். தையல் பிரித்து, சிவப்போ நீர்க் கசிவோ இல்லாமல் புண் ஆறியதும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், திரும்பத் தொடங்கலாம். பயந்துகொண்டு மூன்று மாதம், நான்கு மாதம் தொடங்காமலே இருப்பவர்களைப் பார்க்கிறேன், அதுவும் தவறு.

மருந்து போதும், கழுத்துக்கு வருவோம். முழங்கால் அறுவைக்குக் கழுத்தில் என்ன இருக்கிறது?

கழுத்தின் முதல் எலும்பும் இரண்டாவது எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று செருகியதாக நிற்கின்றன. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நீண்டு முதல் எலும்பின் வளையத்துக்குள் நிற்கிறது. அதைப் பின்னாலிருந்து ஒரு நார்ப்பட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. முடக்குவாதம் நீண்ட நாள் இருந்தால் அந்தப் பட்டை இற்றுப்போகும். தலையைக் குனியும்போது முதல் எலும்பு முன்னே நழுவும். பின்னால் இருப்பது தண்டுவடம். பலருக்கு இதில் வலிகூட இருக்காது. சிலர் பிடரியில் வலி என்பார்கள், குனிந்தால் கைக்குள் கரன்ட் ஓடுகிறது என்பார்கள். முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகத் தலையை அசைக்க வேண்டும். தசையெல்லாம் தளர்ந்து கிடக்கிற அந்த நேரத்தில் கழுத்தைக் காக்க எதுவும் இல்லை. தெரியாமல் அசைத்தால் கை கால் விழுந்துவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுக்கிற இரண்டு எக்ஸ்-ரே போதும். முளைக்கும் வளையத்துக்கும் நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் எச்சரிக்கை. மயக்க மருத்துவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்வார். இல்லாவிட்டால் சிறு கேமரா வைத்த வளையும் குழாயால், கழுத்தை அசைக்காமல் வழி செய்வார். தாடை மூட்டு இறுகி வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காதவர்களும், குரல்வளை மூட்டில் நோய் புகுந்து குரல் கரகரத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் முன்கூட்டித் தயாராக வேண்டும். உங்கள் மயக்க மருத்துவர் வாயைத் திற, கழுத்தைத் திருப்பு என்று சொன்னால் காலுக்கு வந்தவனை இவர் ஏன் இப்படிப் படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சரியான ஆள்.

எலும்பைப் பற்றி எலும்பு மருத்துவர்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் சுருக்கிக்கொள்கிறேன். நோயாலும் ஸ்டீராய்டாலும் எலும்பு மிருதுவாகிக் கிடக்கும். வைக்கும்போதே கீறல் விடலாம். இடுப்பில் பந்து தன் கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அங்கே எலும்பு வைத்து நிரப்ப வேண்டி வரும். முழங்கால் உள்நோக்கி வளைந்து, மடங்கியும் இருந்தால், அதை ஒரே அடியாக நிமிர்த்தும்போது வெளிப்பக்க நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிவிடக்கூடும். இவையெல்லாம் கைதேர்ந்தவர்கள் சமாளிக்கிற விஷயம். அதனால்தான் முடக்குவாத மூட்டுகளைப் பழக்கமாகச் செய்கிறவரிடம் போங்கள் என்கிறேன். விளம்பரப் பலகையில் உள்ள எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். விலைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. முழங்கால் உலோகத்துக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்த பிறகு, 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. நல்ல உலோகம் இப்போது கிடைக்கிறது. கவனம்தான் அரிதாகக் கிடைக்கிறது.

அறுவைக்கு அனுப்புமுன் நான் வேறு சிலவற்றையும் பார்ப்பேன். செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். வளைந்த விரல்களில் ஆணி விழுந்து புண் ஆகியிருக்கும்; அங்கிருந்து ரத்தம் வழியே புதிய மூட்டுக்குக் கிருமி போகும். புண் ஆறாமல் அறுவை கூடாது. சொத்தைப் பல், ஈறில் சீழ், சிறுநீர் எரிச்சல் எல்லாம் முதலில் சரியாக வேண்டும். ரத்தச்சோகையையும் சர்க்கரையையும் சரிக்கட்ட வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்தியே ஆக வேண்டும். பிறகு கையைப் பார்ப்பேன். விரலை மடக்கிப் பிடிக்க முடியாதவருக்குச் சாதாரண வாக்கர் பயன்படாது. முன்கையைத் தாங்குகிற தட்டு வைத்த வாக்கர் வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வீட்டில் பழகச் சொல்வேன். அறுவை அருமையாக முடிந்தும், பிடித்து நடக்கக் கை இல்லாததால் கட்டிலிலேயே கிடந்து காலை இறுக விட்டவர்கள் உண்டு.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பின் இரண்டு வகையான வலி வரலாம். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒன்று நோய் சீறுவது. நியூயார்க்கின் சிறப்பு எலும்பு மருத்துவமனை ஒன்றில் 120 முடக்குவாத நோயாளிகளைக் கவனித்தபோது, 63 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குள் நோய் சீறியது. அறுவைக்கு முன்பே நோய் அடங்காமல் இருந்தவர்களுக்கே அது அதிகம் வந்தது. விரல், மணிக்கட்டு, மறு கால் என்று பல மூட்டுகள் வீங்கும், காலையில் விறைப்பு கூடும். இது தொல்லை, ஆனால் மருந்தைத் தொடங்கினால் அடங்கும். இன்னொன்று அறுவை செய்த மூட்டில் மட்டும் வருவது. அந்த இடம் சிவக்கும், சூடாகும், தையலில் நீர் கசியும், நேற்று ஊன்றிய காலை இன்று ஊன்ற முடியாது. இது கிருமியாக இருக்கலாம். முடக்குவாதக்காரர் சாப்பிடுகிற மருந்துகள் காய்ச்சலை மறைத்துவிடும், சி.ஆர்.பி. போன்ற ரத்தச் சோதனைகளும் நோயாலேயே ஏறி நிற்கும். காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அப்போது தயவுசெய்து மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். மூட்டிலிருந்து நீரை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டால் கிருமி எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். அது சாகாது, ஒளிந்துகொள்ளும். நேரே அறுவை செய்தவரிடம் போங்கள், அன்றைக்கே போங்கள். பத்து ஆண்டு கழித்து வந்தாலும் இதே விதிதான்.

என்னைப் போன்றவரும் எலும்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் நான் இன்று சொன்னவற்றில் முக்கால்வாசி தேவைப்படாது. வெவ்வேறு கட்டடத்தில், வெவ்வேறு ஊரில் இருக்கிறோம். பல நேரம் பேசிக்கொள்வதில்லை. அது எங்கள் குறை, உங்கள் குறையல்ல. ஆனாலும் அது சரியாகும்வரை நீங்கள் ஒன்று செய்யலாம். அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், டப்பாவில் இருக்கிற பேர் இல்லாத மாத்திரையையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியாதவர் பையோடு கொண்டு போங்கள். "என் கழுத்தை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா? எந்த மருந்தைத் தொடர வேண்டும், எதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை அதே தாளில் வாதநோய் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் எழுதி வாங்குங்கள். எந்த மருத்துவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.